கிட்டியை லண்டனில் பேசவைத்த செட்டியார்

சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை பிறந்த கதையிலிருந்து தொடங்குவோம். 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட், கூவம் வளைந்தோடும் இடத்தில் இருந்த சுங்குராமா என்பவரின் தோட்டத்தில் நெசவாளர்களைக் குடிவைத்தார். சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். கிழக்கிந்தியக் கும்பெனிக்குத் துணி வேண்டும். அதற்காக எழுந்த ஊர் அது. அதே துணி வியாபாரத்தில் சம்பாதித்த ஒருவர், நூறாண்டு கழித்துக் கும்பெனியையே கூண்டில் ஏற்றினார். அவர் காஜுலு லட்சுமிநரசு செட்டி.

1806-ல் சென்னையில் பிறந்தவர். தந்தை சித்துலு செட்டி பெரிய வியாபாரி. அவுரியும் கைக்குட்டைத் துணியும் மகனின் காலத்தில் லாபத்தைக் கொட்டின. அந்தப் பணத்தில் 1844-ல் ‘கிரசென்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆசிரியராக அமர்த்தியது எட்வர்ட் ஹார்லி என்ற வெள்ளைக்காரரை! அரசுப் பள்ளியில் பைபிளைப் பாடமாக்கும் யோசனை வந்தபோது, 1846-ல் ஊரைக் கூட்டி எதிர்த்தார்.

1852-ல் அவர் முயற்சியால் சென்னை சுதேசி சங்கம் உருவானது. சென்னையின் முதல் அரசியல் சங்கம் இதுதான். சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனு, ரயத்துகள், அதாவது உழவர்கள், படும் பாட்டைச் சொன்னது.

என்ன பாடு? வரி பாக்கி வைத்தவனின் விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பார்கள். அதற்குப் பெயர் கிட்டி. கழுத்தில் கயிறு கட்டி, குனியவைத்து, கால் விரலோடு பிணைத்து வெயிலில் நிறுத்துவார்கள், அது அண்ணாந்தாள். விளைச்சல் பொய்த்தாலும் இதேதான் நடந்தது.

1853-ல் டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரைக் கிராமங்களுக்கே அழைத்துப் போனார். மனுவில் எழுதியதை ரயத்து தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார் மனிதர்! ஊர் திரும்பிய சீமோர் 1854-ல் காமன்ஸ் சபையில் விஷயத்தைக் கிளப்பினார். விசாரணைக் கமிஷன் அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் மூவரும் 1855-ல் தந்த அறிக்கை, சித்திரவதை நடப்பது உண்மையே என்றது. 1859-ல் புதிய போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூலிப்பவரின் கையிலிருந்து போலீஸ் அதிகாரம் பிரிந்தது.

1863-ல் செட்டியார் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பதில் சொல்லும் அரசாங்கம் அதே பேரரசின் நோவா ஸ்கோஷியாவில், இன்றைய கனடாவில், 1848-லேயே வந்துவிட்டது. இங்கோ கவர்னர் கைகாட்டியவர்தான் உறுப்பினர்.

பத்திரிகையும் சங்கமும் அவர் செல்வத்தைக் கரைத்தன. 1868-ல் வறுமையில் இறந்தார். சென்னையின் அரசியல் வரலாற்றை 1884-ன் மகாஜன சபையிலிருந்து சொல்லும் வழக்கத்தை நாம் மாற்ற வேண்டும். அது 1852-ல், இவரிடமிருந்து தொடங்குகிறது.