மூன்று கிராமும் இரண்டு லட்சம் டாலரும்: நாஸ்கார் தண்டனைகளின் நியாயம்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் முதன்மைத் தொடர் ஒரு தகுதிநீக்கத்துடன்தான் தொடங்கியது. 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட்டில் நடந்த முதல் பந்தயத்தின் அடிப்படை விதி எளிமையானது: விற்பனைக்கு வந்த நிலையிலேயே கார் ஓட வேண்டும். ஃபோர்டு கார் ஒன்றை ஓட்டிய கிளென் டன்னவே முதலில் வந்தார். பந்தயத்துக்குப் பிந்தைய சோதனையில், அக்காரின் பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றியமைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பாரம் ஏறினாலும் கார் தாழாமல் வளைவுகளில் விரைய வேண்டும் என்பதற்காகக் கள்ளச்சாராயம் கடத்துவோர் கையாண்ட உத்தி அது. வெற்றி ஜிம் ரோப்பருக்குச் சென்றது. காரின் உரிமையாளர் ஹூபர்ட் வெஸ்ட்மோர்லாண்ட் 10,000 டாலர் கோரித் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது.

இவ்வழக்கு இரு வகையில் முக்கியமானது. விதி வகுப்பதும் சோதிப்பதும் தண்டிப்பதும் ஒரே தனியார் அமைப்பின் கையில் இருக்கலாம் என்பதற்கு இது வழிவிட்டது. மற்றொன்று, அன்று எவரும் பெரிதாக எழுப்பாத கேள்வி. டன்னவே அந்தக் காரை உருவாக்கியவர் அல்லர். பிறர் காரை ஓட்டியவர் மட்டுமே. தண்டனை செயலைச் செய்தவரைச் சேர வேண்டுமா, செயலின் பயனைச் சேர வேண்டுமா?

பிற்காலத்தில் நாஸ்கார் தகுதிநீக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டது. யார் வென்றார் என்பதை அறிந்தே பார்வையாளர்கள் வீடு திரும்ப வேண்டும் என்பது அதன் வணிகக் கொள்கை. 1960-க்குப் பின் 2022 வரை முதன்மைத் தொடரில் தொழில்நுட்ப மீறலுக்காக எந்த வெற்றியும் பறிக்கப்படவில்லை. 1983 அக்டோபரில் சார்லட்டில் ரிச்சர்ட் பெட்டி வென்ற காரின் எஞ்சின், 358 கன அங்குல வரம்பைத் தாண்டி ஏறத்தாழ 382 கன அங்குலம் இருந்தது. டயர்களும் விதிப்படி பொருத்தப்படவில்லை. 35,000 டாலர் அபராதமும் 104 புள்ளிகள் இழப்பும் விதிக்கப்பட்டன. வெற்றி மட்டும் அவரிடமே இருந்தது. அவருடைய புகழ்பெற்ற 200 வெற்றிகளுள் அதுவும் ஒன்று. வெற்றி நிலைத்து அபராதம் மட்டும் விழும்போது, அபராதம் தண்டனை என்ற தன்மையை இழந்து விலையாகிவிடுகிறது.

அந்த விலையைச் செலுத்த வல்லவர் யார் என்பதை 2009 காட்டியது. அவ்வாண்டு மே மாதம், சொற்ப வசதியுடன் இயங்கிய கார்ல் லாங் அணியின் எஞ்சின் 0.17 கன அங்குலம் அதிகமாக இருந்ததாகக் கண்டறியப்பட்டது. அது பயன்படுத்தப்பட்ட நிலையில் வாங்கிய எஞ்சின். ‘க்ரூ சீஃப்’ எனப்படும் அணித் தலைமை மெக்கானிக்குக்கு 2,00,000 டாலர் அபராதமும், 200 புள்ளிகள் இழப்பும், 12 பந்தயங்களுக்கு இடைநீக்கமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் இடைநீக்கம் எட்டுப் பந்தயங்களாகக் குறைந்தது, அபராதம் குறையவில்லை. அதைச் செலுத்த இயலாத லாங், பல ஆண்டுகள் முதன்மைத் தொடரிலிருந்து விலகியிருக்க நேர்ந்தது.

2013-இல் கான்சாஸில் மாட் கென்செத் வென்ற காரின் எட்டு கனெக்டிங் ராடுகளுள் ஒன்று ஏறத்தாழ மூன்று கிராம் எடை குறைவாக இருந்தது. எஞ்சினைத் தயாரித்தது டொயோட்டாவின் பந்தயப் பிரிவு. அணி அதில் கைவைக்கவில்லை. முதலில் 50 புள்ளிகள் பறிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 12 ஆனது. இங்கும் 2,00,000 டாலர் அபராதம் நிலைத்தது. தொகை ஒன்றே. ஆயினும் ஜோ கிப்ஸ் அணிக்கு அது ஒரு செலவு. லாங்குக்கோ வாழ்வாதாரத்தின் முடிவு.

நாஸ்காரின் தரப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நோக்கத்தை நிரூபித்த பிறகே தண்டிக்கலாம் என்றால் ஒவ்வொரு அணியும் அறியாமையையே வாதமாக வைக்கும். விதியின் மௌனத்தையே வாய்ப்பாகக் கொண்ட மரபு இவ்விளையாட்டில் வலுவானது. எரிபொருள் தொட்டிக்கு அளவு சொன்ன விதி குழாய்க்குச் சொல்லவில்லை என்று கண்டு, குழாயையே நீளமும் தடிமனும் ஆக்கியவராகப் பேசப்படுபவர் ஸ்மோக்கி யூனிக். இத்தகைய களத்தில் நோக்கம் பாராப் பொறுப்பு தவிர்க்க இயலாதது. ஆனால் மீறல் நடந்ததா என்று தீர்மானிப்பது ஒன்று. தண்டனையின் அளவைத் தீர்மானிப்பது மற்றொன்று. முன்னதற்கு நோக்கம் தேவையில்லை என்பதால் பின்னதற்கும் தேவையில்லை என்று ஆகிவிடாது. குற்றவாளியின் வருவாய்க்கேற்ப அபராதத்தைக் கணக்கிடும் முறையைப் பின்லாந்து 1921-லேயே சட்டமாக்கியது. நாஸ்கார் 2014-இல் கொணர்ந்த படிநிலை அட்டவணையோ மீறலை வகைப்படுத்தியது. மீறியவரின் அறிவையும் வசதியையும் அது கருதவில்லை.

2019-இல் தகுதிநீக்கம் மீண்டும் கொள்கையானது. 2022 ஜூலையில் போகோனோவில் முதல் இரு இடங்களைப் பெற்ற டென்னி ஹாம்லினும் கைல் புஷ்ஷும் நீக்கப்பட, மூன்றாவதாக வந்த சேஸ் எலியட் வெற்றியாளரானார். பணக்கார அணியும் ஏழை அணியும் ஒரே அளவில் உணரக்கூடிய தண்டனை இதுவே. வெற்றி இனி விலைக்குக் கிடைக்காது.

எனினும் மேல்முறையீட்டில் ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. 2023 மார்ச்சில் ஃபீனிக்ஸில், முன்புறக் காற்றுத் திறப்புகளை மாற்றியதாக ஹெண்ட்ரிக் அணியின் நான்கு கார்களுக்கும் காலிக் அணியின் ஒரு காருக்கும் தலா 100 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் ஹெண்ட்ரிக்குக்குப் புள்ளிகள் முழுவதும் திரும்பின. காலிக்குக்கு 25 மட்டுமே திரும்பின. ஒரே உதிரிப்பாகம், ஒரே வாரம், வெவ்வேறு நடுவர் குழுக்கள், இரு தீர்ப்புகள்.

அங்குலத்தையும் கிராமையும் துல்லியமாக அளக்க நாஸ்கார் முக்கால் நூற்றாண்டாகக் கற்றிருக்கிறது. தண்டனையை அளக்கும் கோலை இன்னும் அது அவ்வளவு கவனத்துடன் செய்யவில்லை. மீறல்கள் குறையாததற்குத் தண்டனையின் மென்மையே காரணம் என்போர், அது யார் தோளில் எவ்வளவு கனக்கிறது என்பதையும் கணக்கிட வேண்டும்.