தாது வருடப் பஞ்சமும் கொடைக்கானல் சூரியனும்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 2024 ஏப்ரல் முதலாம் திகதி 125 ஆண்டுகளைப் பூர்த்தி செய்தது. அதனை நடத்திவரும் இந்திய வானியற்பியல் நிறுவனம் விழா எடுத்தது. அச்செய்தியைப் படித்தபோது எனக்கு மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றே நினைவில் எழுந்தது. தொண்ணூறுகளில் செய்தி சேகரிக்க அங்கு சென்றிருந்தேன். தம் பாட்டி தாது வருடப் பஞ்சத்தில் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர் என்றார் மூதாட்டி ஒருவர்.

கொடைக்கானல் ஆய்வகத்தின் கதையும் அந்தப் பஞ்சத்திலேயே தொடங்குகிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் வாட்டிய பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடுகின்றனர். உயிர் பிழைக்க இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தோர் பல்லாயிரவர். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அருகும், அப்போது சென்னையில் மழையும் குறையும் என்று 1877இல் நோர்மன் லொக்கியரும் வில்லியம் ஹண்டரும் எழுதினர். சூரியனை நாள்தோறும் கண்காணித்தால் அடுத்த பஞ்சத்தை முன்னறியலாம் என்ற எண்ணம் அரசாங்கத்தையும் பற்றிக்கொண்டது. இடம் தேடி மலைகளில் ஆய்வு நடத்திய சார்ள்ஸ் மிச்சி ஸ்மித், பழனி மலைத் தொடரில் உள்ள கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899இல் ஆய்வகம் எழுந்தது.

எண்ணியது கைகூடவில்லை. அப்பெருவறட்சியில் பசிபிக் சமுத்திரத்து எல் நினோவுக்குப் பெரும்பங்கு உண்டென்பதை இன்று அறிவோம். மழை பொய்த்தது இயற்கை. மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் துறைமுகங்கள் வழியே தானியம் ஏற்றுமதியானதையும் இயற்கையின் தலையில் கட்ட முடியாது. அதனைக் காணத் தொலைநோக்கி வேண்டியதில்லை.

ஆயினும் ஆய்வகம் வீண்போகவில்லை. சூரியப் புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் ஜோன் எவர்ஷெட் அங்குதான் கண்டறிந்தார். அவருடன் பணியாற்றிய மனைவி மேரி, அம்மலையில் வாழ்ந்த காலத்திலேயே தாந்தேயின் வானியல் அறிவு பற்றி நூலொன்றும் வெளியிட்டார். 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்களில் ஏறக்குறைய 1,48,000 இன்று கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. உலகின் எம்மூலையிலிருந்தும் அவற்றைப் பார்க்கலாம்.

அந்த மூதாட்டியின் பாட்டியோடு புறப்பட்டவர்கள் எட்டுப் பேராம். மாத்தளை வந்து சேர்ந்தவர்கள் மூவர். மற்றையோரின் பெயர்களைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.