ஸ்டார் கிளப் ஒலிநாடா வழக்கு

ஸ்டார் கிளப் ஒலிநாடா வழக்கு என்பது, பீட்டில்ஸ் இசைக்குழு 1962ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள ஸ்டார் கிளப் என்னும் இரவு விடுதியில் பாடியவை, குழுவினரின் ஒப்புதலின்றி இசைத்தட்டாக விற்கப்பட்டதால் எழுந்து, 1977இலும் 1998இலும் லண்டன் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட உரிமைத் தகராறு ஆகும்.

1962 அக்டோபரில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பார்லோபோன் பிரிவு வழியாகத் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டிருந்த குழு, முன்னரே ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளுக்காகவே டிசம்பரில் ஹாம்பர்க் சென்றது. அங்கே டெட் டெய்லர் என்ற சக இசைக்கலைஞருக்காக, வீட்டு உபயோகத்துக்கான கிரண்டிக் கருவியும் மேடை முன் வைத்த ஒற்றை ஒலிவாங்கியும் கொண்டு பாடல்கள் பதியப்பட்டன. நாடா விநாடிக்கு 3¾ அங்குலம் என்ற குறைந்த வேகத்தில் ஓடியதால் ஒலித் துல்லியம் குறைந்தது. பாட்டுக்கு இணையாக விடுதியின் இரைச்சலும் பதிவாயிற்று.

பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த நாடாக்கள் 1970களில் மீட்கப்பட்டு, ஒலி செம்மையாக்கப்பட்டு, 1977இல் லிங்கசாங் நிறுவனத்தின் மூலம் 26 பாடல்கள் அடங்கிய இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தன. வெளியீட்டை நிறுத்திவைக்கும் நீதிமன்ற உத்தரவான தடையாணையைக் குழுவினர் கோரியும் கிடைக்காமற்போக, அடுத்த ஆண்டுகளில் பல நிறுவனங்கள் அதே பதிவுகளை வெவ்வேறு தலைப்புகளில் விற்றன. 1991இல் சோனி நிறுவனம் அவற்றைக் குறுந்தகடாக வெளியிட்டபோது, குழுவின் நலன்களைக் காக்கும் ஆப்பிள் கோர் நிறுவனம் வழக்குத் தொடுத்ததால், அவ்வெளியீடு திரும்பப் பெறப்பட்டது.

இத்தகராறின் மையத்தில் இருந்தது நிகழ்த்துநர் உரிமை, அதாவது மேடையில் பாடியவரின் ஒப்புதலின்றி அந்நிகழ்ச்சியைப் பதிவுசெய்து விற்கக் கூடாது என்ற நெறி. எழுத்துமூல ஒப்புதலின்றி அவ்வாறு செய்வதை பிரிட்டன் 1925ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றமாக்கியிருந்தாலும், பாடியவரே நேரடியாக உரிமை கோரி வழக்காடும் வழியை 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே தெளிவாக வகுத்தது.

லிங்கசாங் நிறுவனத்துக்கு எதிராக 1998இல் நடந்த விசாரணையில், பீர் வாங்கித் தந்ததற்கு ஈடாகக் குழு உறுப்பினரான ஜான் லெனான் வாய்மொழியாக அனுமதி அளித்தார் என்று அந்நிறுவனத் தரப்பு வாதிட்டது. நேரில் சாட்சியம் அளித்த மற்றோர் உறுப்பினரான ஜார்ஜ் ஹாரிசன், அவ்வாறான உடன்பாடு எதுவும் இருந்ததில்லை என்றும், லெனான் சம்மதித்திருந்தாலும் அது மற்ற மூவரையும் கட்டுப்படுத்தாது என்றும் உறுதிபடக் கூறினார். வழக்கு குழுவினருக்குச் சாதகமாக முடிந்து, மூல நாடாக்களும் அவற்றைப் பயன்படுத்தும் உரிமையும் அவர்களிடமே சேர்ந்தன.

நாடாவைக் கையில் வைத்திருப்பது ஒன்று, அதில் உள்ள பாட்டை விற்கும் உரிமை மற்றொன்று என்ற வேறுபாட்டை இவ்வழக்கு வெளிச்சமிட்டுக் காட்டியது. தாம் பாடியதை வெளியிடுவதா, வெளியிடாமலே விடுவதா என்று முடிவுசெய்யும் அதிகாரம் கலைஞருக்கே உரியது என்ற நியாயமான கொள்கைக்கு, பதிவு நிகழ்ந்து 35 ஆண்டுகள் கடந்த பின்னரும் கிடைத்த இவ்வெற்றி வலுச்சேர்த்தது.