வித்தைக்காரர்களின் கதை – 14: அந்தரத்தில் ஒரு பந்து

1939 நவம்பர் 13. போர் மூண்டு இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிய ‘சிர்தானா’ என்ற பயணிகள் கப்பல் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. எதிரி வைத்த வெடி அல்ல. துறைமுகத்தைக் காக்க பிரிட்டிஷார் தாங்களே கடலில் விதைத்திருந்தது. பயணிகளில் சிலர் மாண்டார்கள். தப்பியவர்களில் ஒருவர் அமெரிக்க வித்தைக்காரர் நிக்கோலா. ஊர் ஊராக அவர் சுமந்துவந்த பெட்டி, திரைச்சீலை, உடுப்பு எல்லாம் கடலடிக்குப் போயின. கடற்பாலத்தில் நெரிசல் இல்லாத நாளில் (அப்படி ஒரு நாள் இருந்தால்) ஜொகூர் பாருவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் துறைமுகத்தை அடைந்துவிடலாம்.

பெரிய மேடை வித்தைக்குப் பெரிய சாமான் வேண்டும். சாமான் போனால் வித்தையும் போச்சு. நான்கு ஆண்டு கழித்து, 1943இல், ஜோ கார்சன் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த ‘ஸாம்பி’ வித்தைக்கு அந்தக் கவலை கிடையாது. பளபளக்கும் பந்து ஒன்று, சதுரத் துணி ஒன்று. பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும். துணிக்குப் பின்னாலிருந்து பந்து மெல்லத் தலைகாட்டும். மேல்விளிம்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருளும். திடீரென்று துணிக்குள் புகுந்துகொண்டு, பிடித்திருப்பவரையே இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். தாமான் மண்டபத்துப் பிறந்தநாள் விழாவிலோ தீபாவளி விருந்திலோ இப்படி ஒரு வெள்ளிப் பந்தைப் பார்த்திருந்தீர்களானால், அது கார்சன் வீட்டுப் பிள்ளைதான்.

அந்தரத்தில் நிற்கும் வித்தைக்கு நம் பக்கத்திலும் ஒரு பழைய சாட்சி உண்டு. 1830 வாக்கில் சென்னையில், ஆங்கிலேயர் ‘ஷேஷால்’ என்று எழுதிவைத்த ஒரு பிராமணர், தரையிலிருந்து சில அடி உயரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து காட்டினார். கீழே ஒரு முக்காலி, அதில் செருகிய மூங்கில், மூங்கிலிலிருந்து நீளும் சுருட்டிய மான்தோல். அந்தத் தோலின்மேல் ஒரு கையை மட்டும் சும்மா வைத்திருப்பார். மற்றதெல்லாம் காற்று. ஏறும்போதும் இறங்கும்போதும் உடன் வந்தவர்கள் கம்பளியால் மறைத்துக்கொள்வார்கள். 1832இல் லண்டனில் ‘சாட்டர்டே மேகசின்’ இதைப் படத்தோடு வெளியிட்டது. மூங்கிலுக்குள்ளும் தோலுக்குள்ளும் சட்டைக் கைக்குள்ளும் இரும்புக் கம்பி ஓடியது என்பதுதான் பிற்பாடு எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம். இன்று ஐரோப்பிய நகரங்களின் நடைபாதைகளில் காசுக்கு ‘மிதக்கும்’ சாமியார்கள் செய்வதும் அதே கம்பி வேலைதான்.

1847இல் பாரிஸில் வித்தைக்காரர் ரொபேர் ஊதன் தன் சின்ன மகனை ஒரு கோலின்மேல் முழங்கையை ஊன்றவைத்துக் கிடையாகப் படுக்கவைத்தார். அப்போது புதிதாய் வந்திருந்த ஈதர் மயக்க மருந்தின் மகிமை என்று அதற்கு ஒரு கதையும் சொன்னார். சென்னைச் செய்தி அவர் காதில் விழாமல் இருந்திருக்காது என்பது என் கணிப்பு. 1901இல் லண்டனில் மாஸ்கலின் ஆளையே முழுதாக மேலே எழுப்பியபோது, நாடகத்துக்கு ‘மெய்மறந்த பக்கிரி’ என்று பெயர் வைத்தார். நம் ஊர்ப் பக்கிரியின் பெயர் அங்கே நன்றாகவே விலைபோயிருக்கிறது. 1904இல் அமெரிக்காவில் கெல்லர் அதைப் பின்பற்றினார். கண்ணுக்குத் தெரியாத கம்பிகள், மறைவில் இயந்திரம், இழுக்க ஆட்கள் என்று அது ஒரு தொழிற்சாலை.

அதே காலத்தில் ஒமாஹா நகரில் வட்டிக்கடை நடத்திய டேவிட் அபட் எதிர்த்திசையில் போனார். ஆவிகளோடு பேசுவதாக ஏமாற்றியவர்களின் தந்திரங்களை 1907இல் புத்தகமாகவே போட்டு உடைத்தவர் இவர். வீட்டில் வித்தைக்கென்றே ஒரு கூடம் கட்டியிருந்தார். கெல்லரும் ஹூடினியும் தேடிவந்து பார்த்த கூடம் அது. அங்கே ஒரு பந்து காற்றில் அலைந்தது. வேலை பார்த்தது நூல். அதை மேடைக்குக் கொண்டுபோய்ப் பேர் வாங்கியவர் ஒகிட்டோ. சீன அங்கியில் வந்தாலும் ஆள் டச்சுக்காரர், தியோ பாம்பெர்க். தலைமுறை தலைமுறையாக வித்தைக் குடும்பம். 1934இல் அபட் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதியில் புதைந்து கிடந்த நுணுக்கங்களை நம் காலத்தில் டெல்லர் என்ற வித்தைக்காரர் எடுத்து, லாஸ் வேகாஸில் ஒரு சிவப்புப் பந்தை நாய்க்குட்டியாகப் பழக்கினார். “இது வெறும் நூல்தான்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். சொன்ன பிறகும் நூலைத் தேடக் கண் போவதில்லை.

அப்படியானால் நம் ஊர் இளைஞர் ஒருவர் எதை எடுப்பது? அபட் வழிக்கு வெளிச்சமும் பின்திரையும் நம் பிடியில் இருக்கவேண்டும். வாடகை மண்டபத்தில் அது நடக்காது. வித்தைக்காரர் பிளாக்ஸ்டோன் மிதக்கவிட்ட எரியும் மின்விளக்கு அழகுதான், ஆனால் அதற்குத் தனி மேடையும் துணை ஆட்களும் தேவை. மிஞ்சுவது ஸாம்பி. அதன் உள்விவகாரத்தை இங்கே எழுதப்போவதில்லை. அதை வைத்துப் பிழைப்பவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். ஆனால் அது சொதப்பும் இடங்களைச் சொல்லலாம்.

முதல் வில்லன் காற்றாடி. ஜொகூர்ப் புழுக்கத்தில் மண்டபக் காற்றாடி முழு வேகத்தில் சுற்றும்; மெல்லிய துணி படபடத்துக் காட்டக்கூடாததைக் காட்டிவிடும். கொஞ்சம் கனமான, வெளிச்சம் ஊடுருவாத துணியாக எடுக்கவேண்டும். பந்து பின்வரிசைக்கும் தெரியும் அளவில் இருக்கலாம். மிகப் பெரிதாக எடுத்தால் மணிக்கட்டு சீக்கிரம் சோர்ந்துபோகும், சோர்ந்த மணிக்கட்டு பொய் சொல்லாது. நம் விழாக்களில் பிள்ளைகள் மேடையோரத்திலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் ஆள் இல்லாதபடி இடத்தை முதலிலேயே கேட்டு வாங்கவேண்டும். கேட்கக் கூச்சப்பட்டால் பிறகு வருத்தப்படவேண்டிவரும்.

மற்றதெல்லாம் கண்ணில் இருக்கிறது. பந்து முதலில் நகரவேண்டும், கை அதன் பின்னால் ஓடவேண்டும். பழகாதவர்களிடம் இது தலைகீழாக நடக்கும். பந்தை ஆட்டுவது நமக்கே தெரிந்துவிடும். 1988இல் மறைந்த நீல் ஃபாஸ்டர் ஸாம்பிக்கே பெயர்போனவர். அவர் பந்தை ஓட்டிக் காட்டவில்லை. அது என்ன செய்யப்போகிறதோ என்று நம்மோடு சேர்ந்து காத்திருந்தார். கடையில் பந்து வாங்கிய வாரத்திலேயே மேடையேறுபவர்கள் பந்தை மேலும் கீழும் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது நிமிடத்தில் கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும். பந்து ஒரு தடவை எட்டிப் பார்த்து ஒளிந்துகொள்வது, பத்துத் தடவை பறப்பதைவிட மேல். நான்கு நிமிடம் போதும்.

பித்தளைப் பந்து நான்கைச் சுழற்றியே லண்டனைக் கட்டிப்போட்ட சென்னை ராமசாமியையும், அவரைப் பற்றி ஹாஸ்லிட் 1821இல் எழுதிய கட்டுரையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.