பாட்டுக்கு முகம் கொடுத்தவர்கள்: இசைக்காணொளி இயக்குநர்களின் கதை



உங்களுக்குப் பிடித்த ஓர் இசைக்காணொளியை நினைச்சுக்கோங்க. பாடியவர் யார்? இசையமைத்தவர் யார்? உடனே சொல்லிடுவீங்க. இயக்கியவர் யார்? இந்தக் கேள்விக்குத்தான் வகுப்பே அமைதியாகிவிடும்.

இந்த மறதி நம்மிடம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் எம்டிவி ஒளிபரப்பு 1.8.1981-இல் தொடங்கியது. முதலில் ஒளியேறிய காணொளியை இயக்கியவர் ரசல் மல்கேஹி. ஆனால், பாடல் விவரத்தோடு இயக்குநர் பெயரையும் அந்த நிலையம் திரையில் போடத் தொடங்கியது 1992-இல்தான்!

நம் நாட்டில் தொலைக்காட்சி 28.12.1963-இல் பிறந்தது. 1969-இல் பங்சாரை ஒட்டிய அங்காசாபுரிக்குக் குடிபெயர்ந்தது. 1978-இல் வண்ணம் வந்தது. அந்நாளில் பெரும்பாலும் பாடகர் அரங்கில் நின்று பாடுவார். கேமரா அவரைக் காட்டும், அவ்வளவுதான். 1996-இல் ஆஸ்ட்ரோ வானவில், 2005-இல் யூடியூப் என்று வாசல்கள் திறந்தன. 2006-இல் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு வெளிவந்தது. அதில் உள்ள ‘மடை திறந்து’ காணொளி, மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டு இளைஞர்களிடமும் கொண்டு சேர்த்தது.

சரி, இயக்குநர் அப்படி என்னதான் செய்கிறார்? ஓர் எடுத்துக்காட்டு பாருங்க. பாடகரின் கூந்தல் மெதுவாக அலைபாயும். உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். எப்படி? படப்பிடிப்பில் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, கேமராவையும் இரு மடங்கு வேகத்தில் இயக்குவார்கள். பாடகர் அந்த வேகத்துக்கு வாயசைப்பார். பிறகு இயல்பு வேகத்தில் ஓட்டினால் எல்லாம் மெதுவாகும். உதடும் பாட்டும் ஒன்றுசேரும். மூன்று நான்கு நிமிடப் பாட்டுக்குள் இத்தனை கணக்கு!

நுட்பம் மட்டும் போதாது, பார்வையும் வேண்டும். 2021-இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். அறிவும் தீயும் பாடிய அந்தப் பாட்டின் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டியின் வாழ்க்கை. அந்தப் பாட்டியே காணொளியில் தோன்றுகிறார். உழைத்துக் களைத்த முகத்தைப் பார்த்ததும், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய நம் கொள்ளுப்பாட்டியும் நினைவுக்கு வருகிறார், இல்லையா? சொல்லால் மட்டும் இதைச் செய்துவிட முடியாது.

மாணவர்களே, ஒரு பயிற்சி. ஓர் உள்ளூர்த் தமிழ்க் காணொளியை எடுத்துக்கோங்க. முதலில் கண்ணை மூடிக் கேளுங்க. அடுத்து ஒலியை அணைத்துப் பாருங்க. பிறகு இரண்டையும் சேர்த்துப் பாருங்க. பாட்டு வரியில் இல்லாத எதை இயக்குநர் சேர்த்திருக்கிறார் என்று ஒரு பத்தி எழுதுங்க. காணொளியின் கீழே உள்ள விவரத்தில் அவர் பெயரைத் தேடி, பத்தியின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்க.

ஆசிரியர்களே, அந்தப் பெயர்களை வகுப்பில் ஓர் ஏட்டில் தொகுத்து வையுங்கள். இன்று நாம் எழுதி வைக்காவிட்டால், நாளை மலேசியத் தமிழர் கலை வரலாற்றை எழுத வருபவருக்குப் பாட்டு கிடைக்கும், படைத்தவர் கிடைக்கமாட்டார்.