சுரண்டை வட்டாரத்தில் களத்து முதலுதவி

சுரண்டை வட்டாரத்தில் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தவரும் அடிபட்டவனுக்கு முதலில் கைகொடுத்தவரும் நெடுங்காலம் ஒரே ஆள்தான். கம்பு சுழற்றக் கற்றுத்தந்த சிலம்பாசானே கட்டும் போட்டார், சுளுக்கும் எடுத்தார், மயங்கி விழுந்தவனைத் தெளியவும் வைத்தார். விளையாட்டுப் பயிற்சியாளருக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும் என்று இன்று சொல்லப்படுவது இந்த மண்ணுக்குப் புதிய யோசனை அல்ல.

ஆசானுக்கு இந்த இரட்டைப் பொறுப்பு வந்ததற்கு வட்டாரத்தின் படை வரலாறே காரணம். சுரண்டையை அடுத்து, சிற்றாற்றங்கரையில் உள்ள வீரகேரளம்புதூரில் ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இருந்தது. வடக்கே பாளையக்காரர் புலித்தேவரின் நெற்கட்டும்செவல். பாளையங்களுக்கு ஆள் கொடுத்த ஊர்களில் கம்பும் வேலும் அன்றாடப் பழக்கம், அடிபடுவதும் அப்படித்தான். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் ஆயுதங்களை ஒப்படைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆணையிட்டது. அதன் பிறகும் சிலம்பம் அழியவில்லை. கோயில் கொடை விழாக்களில் விளையாட்டாக நின்றது. மேற்கே செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. ஆகவே தென் திருவிதாங்கூரில் தழைத்த அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் வர்மமும் இந்தப் பக்கத்துக்கு அந்நியமாக இருக்கவில்லை.

வர்ம மரபு உடலில் 108 புள்ளிகளைக் கணக்கிடுகிறது: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே அடித்தால் ஆள் சாய்வான் என்பதைக் கற்பவன், சாய்ந்தவனை மீட்கும் இளக்குமுறையையும் அடங்கலையும் சேர்த்தே கற்க வேண்டும். சீடனின் குணத்தைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகே ஆசான் அடியின் நுணுக்கத்தைச் சொல்லித் தருவார். புள்ளிகளைப் பற்றி நவீன மருத்துவம் என்ன சொன்னாலும், காயப்படுத்தக்கூடிய கலையைக் கற்றுத்தருபவர் காயத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு மதிக்கத்தக்கது.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் முறை எளிமையானது. மூங்கிலைச் சீவி மெல்லிய பத்தைகளாக்குவார்கள். உளுந்தமாவை முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்துத் துணியில் தடவி, முறிந்த இடத்தைச் சுற்றி, மேலே பத்தைகளை வைத்துக் கட்டுவார்கள். காய்ந்ததும் துணி இறுகிக் கெட்டியாகிவிடும். அசையாமல் வைத்தால் எலும்பு கூடும் என்பதுதான் இதன் அடிப்படை. மாவுக்கட்டின் அடிப்படையும் அதுவே. ஆனால் கட்டு இறுகினால் உள்ளே வீங்கும் கைக்கு இடமில்லை. ரத்த ஓட்டம் நின்று கை அழுகிப்போகும். விரல் நுனி நீலமாகிறதா, மரத்துப்போகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆசானிடம் பிழைத்த கை, தெரியாதவரிடம் போனால் பிழைக்காது. எண்ணெய் போட்டு உருவுவதிலும் இதே சிக்கல் உண்டு. பழைய பிடிப்புக்கு உருவினால் இதமாக இருக்கும். அப்போதுதான் புரண்ட கணுக்காலை உருவினால் வீக்கம் கூடும், முறிவு இருந்தால் எலும்பு இடம் மாறும்.

ஐரோப்பாவில் முதலுதவி வேறு வழியில் உருவானது. ஜெர்மானிய ராணுவ மருத்துவர் எஸ்மார்க், முக்கோணத் துணிக்கட்டைப் படைகளில் பரப்பினார். இங்கிலாந்தில் 1877-இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு வுல்விச்சில் பீட்டர் ஷெப்பர்டு என்ற ராணுவ மருத்துவர் பொதுமக்களுக்கு வகுப்பு எடுத்தார். மருத்துவர் அல்லாதவருக்கு, மருத்துவர் வரும்வரை செய்ய வேண்டியதை மட்டும் சொல்லித் தருவது என்பது அன்று புதுமை. ஆசான் மரபில் முதலுதவிக்கும் முழு வைத்தியத்துக்கும் நடுவே கோடு கிடையாது. இந்த ஐரோப்பிய முறையில் அந்தக் கோடு தெளிவாகப் போடப்பட்டது.

அந்தப் பாடம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சாரணர் இயக்கம் வழியாகவும், 1920-இல் சட்டப்படி அமைந்த இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகவும் வந்து சேர்ந்தது. சாரணரின் கழுத்துத் துண்டு அழகுக்கு மட்டும் அல்ல. அதை முக்கோணமாக விரித்தால் அடிபட்ட கையைத் தாங்கும் தூளி; மடித்தால் ரத்தக் கசிவை அடக்கும் கட்டு. அதே 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இத்தகைய நிறுவனங்களில் பயின்றவர்கள்தான் தென்கோடி ஊர்கள் வரை பி.டி. வாத்தியார்களாக வந்தார்கள். டிங்சர் அயோடின், பஞ்சு, பேண்டேஜ் துணி வைத்த பெட்டி அவர்கள் பொறுப்பில் இருந்தது.

பள்ளிக்கு வெளியே நிலைமை வேறு. அறுவடை முடிந்த வயலிலும் கோயில் கொடைப் பந்தலருகிலும் சடுகுடு எனும் கபடி ஆடிய அணிகளுக்கு ஆசானும் இல்லை, பி.டி. வாத்தியாரும் இல்லை. மூத்த ஆட்டக்காரரே பயிற்சியாளர். அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு 1950-இல் அமைந்து விதிகள் ஒழுங்கானபோதும் முதலுதவி கேள்வியறிவாகவே தங்கிவிட்டது. சிராய்ப்புக்கு வெட்டுக்காயப் பூண்டின் சாறு, வெட்டுக்குக் காப்பித்தூள், மயக்கத்துக்கு முகத்தில் சோடா, வலிப்புக்குக் கையில் சாவிக்கொத்து. இவற்றில் சாவிக்கொத்தால் பயன் ஒன்றும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலை இடிபடாமல் காப்பதே வலிப்புக்குச் செய்ய வேண்டியது. காப்பித்தூள் காயத்தை அழுக்காக்குகிறது. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிப்பதே ரத்தத்தை நிறுத்தும். மண் தரையில் பட்ட காயத்துக்கு, கழுவியபின் டி.டி. ஊசி தேவையா என்று பார்ப்பதும் அவசியம். இதே தென்மாவட்ட மண்ணிலிருந்து கபடி வீரர் மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். ஆட்டம் அவ்வளவு உயரம் போன பிறகும் ஊர்க்களத்துப் பெட்டி மாறவில்லை.

மாறியது மருத்துவ அறிவு. 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோவன்ஹோவன் குழுவினர், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி, நின்ற இதயத்தின் வேலையைத் தொடர முடியும் என்று காட்டினர். 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற முறையைப் பிரபலமாக்கினார். பின்னாளில், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை அவரே திருத்திக்கொண்டார். இன்று ஐஸ் வலி தணிய மட்டும், கொஞ்ச நேரத்துக்கு. 2017-இல் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள், பயிற்சி இல்லாத பொதுமக்களுக்காக வாய்வழிச் சுவாசம் இல்லாத மார்பழுத்த முறையை வகுத்தனர்: நடுமார்பில், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல்.

சுரண்டைக்கு இந்த முறை ஏன் முக்கியம் என்பதைத் தூரம் சொல்லும். தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் பாளையங்கோட்டை வரை போக வேண்டும். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வண்டி இருக்கிறது. ஆனால் இதயம் நின்றவருக்கு மூளை சிதையத் தொடங்க நாலைந்து நிமிடம் போதும். 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் கபடி ஆடிக்கொண்டிருந்த இளைஞர் களத்திலேயே சாய்ந்து இறந்தார். அந்தக் காட்சி நாடெங்கும் பரவி, ஊர்ப் போட்டிகளின் மருத்துவ ஏற்பாடு பற்றிப் பலரையும் பேச வைத்தது.

இன்னும் ஊர்க்களத்தில் வேர்பிடிக்காதது தலைக்காய விதிதான். பிடியில் தலைகுப்புற விழுந்து எழுந்தவன் “ஒண்ணுமில்ல” என்று சொல்லி மறுபடி பாடப் போவதை வீரமாகக் கொண்டாடுவது பழைய வழக்கம். 2012-இல் சூரிச்சில் கூடிய விளையாட்டு மருத்துவர்கள், மூளை அதிர்ச்சிக்கு ஆளானவர் எவரும் அன்று மறுபடி ஆடக் கூடாது என்று முடிவு செய்தனர். வாந்தி, தள்ளாட்டம், ஸ்கோர் நினைவில்லாமை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவை அடையாளங்கள். கழுத்து வலித்தாலோ கைகால் மரத்தாலோ ஆளைத் தூக்கி உட்கார வைக்காமல், கிடந்தபடியே தலையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். கபடியில் களத்தில் 7 பேர், வெளியே மாற்று ஆட்கள் 5 பேர் வரை. அடிபட்டவனை உட்கார வைத்து இன்னொருவனை இறக்க விதியே இடம் தருகிறது; அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அணியின் பயிற்சியாளர்.