தென்சென்னைப் புறநகரில் குழாய்வழி எரிவாயு

தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டாரங்களுக்கான குழாய்வழி எரிவாயுத் திட்டம் எண்ணூர்க் கடற்கரையை நம்பியது. அங்கே காமராசர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் குழுமம் அமைத்த முனையம், கிழக்குக் கரையின் முதல் திரவ இயற்கை எரிவாயு முனையம். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது. மைனஸ் 162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் எரிவாயு திரவமாகி, 600-இல் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். கப்பலில் வருவது இந்தத் திரவம்தான். அதை மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் செலுத்துகிறார்கள். இம்முனையத்தைப் பிரதமர் 2019 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணித்த விழா நடந்தது, வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில்.

எண்ணூரிலிருந்து திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை வழியே தூத்துக்குடிவரை இணைக்கத் திட்டமிட்ட குழாய்த் தொடரின் நீளம் ஏறத்தாழ 1,400 கி.மீ. இதில் இராமநாதபுரம்–தூத்துக்குடிப் பகுதி (143 கி.மீ.) 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. மணலியின் சென்னை உரத் தொழிற்சாலை நாஃப்தா என்ற பெட்ரோலியப் பொருளைக் கைவிட்டு 2019-இல் எரிவாயுவுக்கு மாறியது. குழாயின் பொருளாதாரப் பயன் முதலில் தெரிந்தது இத்தகைய பெரிய ஆலைகளில்தான்.

வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் வழங்கும் உரிமையை மத்திய ஒழுங்குமுறை வாரியம் மாவட்டவாரியாகப் பிரித்துத் தருகிறது. 2018-இல் சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகள் டோரண்ட் கேசுக்கும், காஞ்சிபுரம் ஏஜி அண்ட் பி நிறுவனத்துக்கும் சென்றன. தாம்பரம் அன்று காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானது. எல்லைகள் மாறினாலும் எரிவாயு உரிமம் பழைய வரைபடத்தின்படியே நிற்கிறது. ஒரே நெடுஞ்சாலையில் வாழும் மக்களுக்கு இருவேறு நிறுவனங்கள் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

எதிர்பார்ப்புகள் பலதரப்பட்டவை. ஆட்டோ ஓட்டுநருக்கு அன்றாட எரிபொருள் செலவு குறைய வேண்டும். குரோம்பேட்டை, பம்மல், நாகல்கேணித் தோல் பட்டறைகளுக்கும் திருமுடிவாக்கம் சிறுதொழில் கூடங்களுக்கும் கொதிகலனுக்கு விறகு, டீசல் இல்லாத வழி வேண்டும். இல்லத்தரசிக்கு 14.2 கிலோ சிலிண்டருக்குப் பதிவு செய்து காத்திருக்கும் வேலை ஒழிய வேண்டும். குழாயில் வருவதற்கு மீட்டர் பார்த்துப் பிறகு பணம் கட்டினால் போதும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலெழும்பிக் கலையும், சிலிண்டர் வாயுபோல் தரையில் தேங்காது. ஆயினும் கசிவு கசிவுதான்; காற்றோட்டம் இல்லாத அறையில் எதுவும் ஆபத்தே.

வேலைவாய்ப்பைப் பற்றிய நம்பிக்கையை மட்டும் அளவாகக் கொள்வது நல்லது. பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கும்போது பலர் தேவைப்படுவர். மூடியபின் சிலரே போதும். குழாயை நம்பி ஏமாறுவதைக் கனடாவின் வடகோடி மெக்கன்சி பள்ளத்தாக்கு பெரிய அளவில் கண்டது. அங்கே குழாய் அமைப்பதைப் பத்தாண்டு தள்ளிவைக்க 1977-இல் நீதிபதி பெர்ஜர் பரிந்துரைத்தார். பிற்காலத்தில் பழங்குடி மக்கள் மூன்றில் ஒரு பங்கு உரிமை பெறும் ஏற்பாட்டுடன் திட்டம் மீண்டும் எழுந்தது, 2017-இல் கைவிடப்பட்டது. பல ஆண்டுகள் நம்பிய வருமானம் வரவேயில்லை.

குழாய் வயல்கள் வழியே போகும் கொங்கு நாட்டின் கவலை வேறு. குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய்மேல் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. பயிர்ச் சேதத்துக்கான தொகை போக, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடுதான் இழப்பீடு. கொச்சி–பெங்களூரு குழாயை ஏழு மாவட்ட உழவர்கள் எதிர்த்ததும், 2016-இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்துக்கு வழிவிட்டதும் இந்தப் பின்னணியில்தான். தன் வயலடியில் ஓடும் வாயு தன் அடுப்புக்கு வராது என்பது அவர்களின் நியாயமான ஆதங்கம்.

தாம்பரத்தில் குழாய் சாலையோரத்தில் போவதால் நில இழப்பு இல்லை. மழைக்காலத்துக்கு முன் பள்ளத்தை ஒழுங்காக மூடுவதே இங்கே பெரிய கேள்வி. முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற 2015 வெள்ளத்தில் மூழ்கிய பகுதிகளில் இது சிறு விஷயமல்ல. இன்னொன்று, இணைப்புக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இப்புறநகரில் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். தெருவில் குழாய் வந்தபின்னும், உரிமையாளர் இசையாதவரை அவர்கள் வீட்டில் சிலிண்டரே எரியும்.